வால்பாறை வண்டிக்குத் திண்டிவனத்தில் ஒரு பூட்டு

வெளிநாடு போகப் பாஸ்போர்ட் வேண்டும் என்று சொல்பவர்கள், மே மாதத்தில் வால்பாறையிலிருந்து விழுப்புரம் போனதில்லை. நான் போனேன். பையில் ஸ்வெட்டரும் மப்ளரும் இருந்தன. எங்கே கிளம்பினாலும் எடுத்து வைத்துக்கொள்கிற பழக்கதோஷம். விழுப்புரம் லாட்ஜில் மேனேஜர் அந்த மப்ளரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்த ஆதார் அட்டையை மறுபடியும் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

போன காரியம், என் ஜீப்பின் பின்னச்சுக்கு ஒரு பூட்டு வாங்குவது. வண்டிக்காரர்கள் அதை லாக்கர் என்பார்கள். தெரியாதவர்களுக்காக இந்தப் பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே அச்சில் ஒரு பானை தொங்குமே, அதற்குள் இருக்கும் பல்சக்கரக் கூட்டத்துக்கு டிஃபரன்ஷியல் என்று பெயர். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டையும் அதனதன் போக்கில் ஓட விடுகிற நல்ல மனசு அதற்கு. சேற்றில் இறங்கினால் அந்த நல்ல மனசுதான் வினை. எந்தச் சக்கரம் பிடிமானம் இல்லாமல் வெட்டியாகச் சுற்றுகிறதோ, இன்ஜினின் பலத்தையெல்லாம் அதற்கே தூக்கிக் கொடுக்கும். கெட்டித் தரையில் நிற்கிற சக்கரம் வேலை கிடைக்காமல் கைகட்டி நிற்கும். இப்படி நடக்கிற அலுவலகங்களில் நான் முப்பது வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். பூட்டு போட்டால் இரண்டு சக்கரமும் சேர்ந்துதான் சுற்ற வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

இதற்காக இவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். என் மனைவி பூங்கொடி மலைக்குள் ஒரு ஆரம்பப் பள்ளியில் தலைமையாசிரியை. அவளையும் சேர்த்து ஆசிரியர்கள் இரண்டு பேர். தேயிலைத் தோட்டம் முடிகிற இடத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை மண்பாதை. ஜூன் மழை விழுந்துவிட்டால் அது பாதையில்லை, பாயசம். போன வருஷம் ஒருநாள் சத்துணவு முட்டைத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்க, பாதி வழியில் வண்டி நின்றது. இடது சக்கரம் பம்பரமாகச் சுற்றியது, வலது சக்கரம் அசையவில்லை. நான் கியரோடு மல்லுக்கட்டுவதை அரைமணி நேரம் பார்த்தாள். பிறகு இறங்கி, முட்டைத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு மழையில் நடந்தே போனாள். அந்த மழைக்காலம் முழுக்க நடந்தாள். ஆகஸ்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டும் நடந்தாள்.

இந்த வருஷம் பரீட்சை முடிந்ததும் இடமாறுதல் விண்ணப்பத்தை வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டாள். "அந்தப் பிள்ளைகளை விட்டுட்டுப் போக எனக்கு மனசில்லைங்க. ஆனா இன்னொரு மழைக்கு நடக்க முழங்கால் ஒத்துக்காது. முதல் மழையில என்னைப் பள்ளிக்கூட வாசல்ல இறக்கிவிடுங்க, போதும். இல்லீன்னா கையெழுத்துப் போட்டுடறேன்" என்றாள். அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

ஜீப்பே விழுப்புரம் பக்கத்து வண்டிதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு செஞ்சிக்குப் பக்கத்தில் ஒரு ஜைனக் குடும்பத்து விவசாயியிடம் வாங்கினேன். ஊரில் அவரை நயினார் என்பார்கள். தங்கமான மனுஷர். பொழுது சாய்வதற்குள் எங்கள் இருவருக்கும் சாப்பாடு போட்டு, தானும் சாப்பிட்டு முடித்துவிட்டார். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது, மழை பெய்து நசநசவென்றிருந்த மல்லாட்டைக் கொல்லையில் இறக்கித் திருப்பினேன். மல்லாட்டை என்றால் அங்கே நிலக்கடலை. கொல்லை என்றால் வயல்; எங்கள் பக்கம் காடு என்போம். பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். கொஞ்சம் தள்ளி மறுபடியும் 'டொக்'. நான் விடவில்லை. பின்சீட்டிலிருந்து பூங்கொடி, "சத்தந்தானுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "உனக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்?" என்று அவளை அடக்கிவிட்டு, நயினாரிடம் கறாராகச் சொன்னேன்: சத்தம் போனால்தான் வண்டியை எடுப்பேன். அவர் என்னவோ சொல்ல வந்தார், நான் கேட்கவில்லை. பத்து நாளில் சத்தம் சுத்தமாகப் போயிருந்தது. வண்டி விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது.

பின்னால் தொங்கும் ஸ்டெப்னியின் உறையில் 'பார்சுவநாதர் துணை' என்று பெரிதாக எழுதியிருந்தது. யார் துணையாக இருந்தால் என்ன, துணை நல்லதுதானே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

விழுப்புரத்தில் முதல் நாள். காலை எட்டு மணிக்கே வெயில் தோள்மேல் கைபோட்டுக்கொண்டு கூடவே நடந்தது. இட்லிக்கு எங்கள் ஊரில் சாம்பாரைக் கேட்டு வாங்க வேண்டும். இங்கே வேண்டாம் என்று கையை வைத்து மறைத்தாலும் விரல் இடுக்கில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். பக்கத்து இலைக்காரர், "கைய எடுங்க சார், சுட்டுடப் போவுது" என்று அக்கறையாகச் சொன்னார். சொல்வதற்குள் சுட்டுவிட்டது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு உதிரிபாகக் கடை. கடைக்காரர் என் தேவையைக் கேட்டுவிட்டு, கல்யாணத் தரகர் போட்டோ எடுத்து வைக்கிற மாதிரி ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"காத்துல வேல செய்யறது ஒண்ணு கீது சார். ஸ்விட்ச தட்னா பூட்டிக்கும், தட்னா தெறந்துக்கும். கம்ப்ரசரு, டியூபு, ஒயருன்னு தனியா ஒரு மூட்ட வரும்."

"எப்ப கிடைக்கும்?"

"கப்பல்ல வரணும் சார். ஆடிக்கு முன்னால வராது."

ஜூன் மழைக்கு ஆடியில் பூட்டு. அடுத்ததைக் கேட்டேன்.

"ஆட்டோமேட்டிக். சக்கரம் வழுக்குனா தானா பூட்டிக்கும், ரோடு வந்தா தானா வுட்டுடும். நல்ல சாமான். இன்னா ஒண்ணு, கொஞ்சம் சத்தம் போடும்."

"சத்தம் போடறது எனக்கு ஒத்துவராதுங்க" என்றேன், விஷயம் தெரிந்தவனின் மிடுக்கோடு.

"அப்ப வெல்டிங் வெச்சுடுங்க. உள்ள இருக்கிற பல்லயெல்லாம் சேத்து ஒட்டிட்டா ஜென்மத்துக்கும் லாக்குதான்."

"ரோட்டுல வளைவுல திரும்பாதேங்க?"

"திரும்பாது. நேரா போங்க."

எங்கள் ஊருக்கு ஏற நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அதைச் சொன்னேன். கடைக்காரர் சற்று யோசித்துவிட்டு, "பேஜாரு புடிச்ச ஊரா இருக்குதே சார்" என்றார். இந்த ஆளுக்குத் தன்னால் ஆகாது என்று நினைத்தாரோ என்னவோ, கடைசியில் உருப்படியாக ஒன்று சொன்னார்: "நீங்க திண்டிவனம் போய் ஏழுமலையப் பாருங்க. இந்தப் பக்கம் பின்னச்சத் தெறந்தா வயித்துக்குள்ள இன்னா கீதுன்னு தெரிஞ்ச ஆளு அவுரு ஒருத்தருதான்."

இரண்டாம் நாள் காலையில் லாட்ஜ் வாசலில் நின்ற ஜீப்பை எடுக்கப் போனால், அதற்கு முன்னால் ஒரு கல்யாண பஸ் குறுக்கே நின்றது. டிரைவர் எங்கே என்று கேட்டேன். "முகூர்த்தத்துல கீறாரு" என்றார்கள். பெண்ணுக்குச் சித்தப்பாவாம். தாலி கட்டுகிற நேரத்தில் போய் வண்டியை நகர்த்தச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

பஸ், விக்கிரவாண்டி தாண்டியதும் டயர் வெடித்து நின்றது. ஆச்சரியம் என்னவென்றால் யாருக்கும் கோபம் வரவில்லை. எங்கள் பக்கமாக இருந்தால் கண்டக்டரிடம் மரியாதையாகவே அரைமணி நேரம் சண்டை போட்டிருப்போம். இங்கே எல்லாரும் இறங்கி, புளியமரத்தடியில் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஓமந்தூருக்குப் போகிற ஒரு அம்மா, இரண்டு கோழிகளை என் கையில் கொடுத்து, "புடிச்சிக்கினு இருங்க, தோ வர்றேன்" என்று நுங்கு வாங்கப் போனார். அடுத்த பஸ் வரும் வரை அந்தக் கோழிகள் என் பொறுப்பு. திருப்பிக் கொடுத்தபோது எனக்கும் இரண்டு நுங்கு கிடைத்தது.

ஏழுமலையின் பட்டறை ஒரு தகரக் கொட்டகை. ஆள் ஒல்லி, ஐம்பது வயது இருக்கும். பேசும்போது முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் கண் எப்போதும் ஏதாவது ஒரு அச்சின் மேல்தான். நான் பேசியதையெல்லாம் கேட்டார். சத்தம் போடுகிற பூட்டு மட்டும் வேண்டாம் என்றதும் முதல்முறையாகச் சிரித்தார்.

"சார், ஒரு கத சொல்றேன் கேளுங்க. ரெண்டு வருசம் இருக்கும். கோயமுத்தூர் பக்கத்து சாரு ஒருத்தரு. பெரிய மீச. இங்க ஒரு வண்டி வாங்க வந்தாரு. கம்பெனியே உள்ள ஆட்டோமேட்டிக் லாக்கர் வெச்சுக் குடுத்த வண்டி சார் அது! சேத்துல திருப்பிப் பாத்துருக்காரு, 'டொக்'குனு பூட்டிக்கிச்சு. அது வேல செய்யற சத்தம். மீசைக்காரு இன்னா சொன்னாரு தெரியுமா? சத்தம் போனாத்தான் எடுப்பேன்னுட்டாரு!"

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. வண்டிக்கார ஐயா எங்கிட்ட வந்து நின்னாரு. இது நல்ல சாமான் ஐயா, எடுக்காதீங்கன்னு சொன்னேன். வாங்கறவரு கேக்கலையே, நான் இன்னா பண்ணட்டும்னாரு. கழட்டிட்டு, வெறும் டிஃபரன்ஷியல மாட்டிக் குடுத்துட்டேன். மீசைக்காரு சந்தோசமா ஓட்டிக்கினு போயிட்டாரு. இந்தக் கதைய நான் வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் சொல்லிக்கினு கீறேன் சார்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்க பக்கத்துல அப்படி ஒண்ணு ரெண்டு பேர் இருப்பாங்க" என்றுகூடச் சொன்னேன். எனக்கு மீசை கிடையாது, வைத்ததும் இல்லை. அந்த ஒரு விவரம் என் மூளையை எப்படி அப்படிப் பூட்டிப்போட்டது என்பது இன்றுவரை விளங்கவில்லை.

"அந்தச் சாமான் வேல செய்யறத கண்ணால பாருங்க. பாத்துட்டு அப்புறம் வேணும் வேணாம்னு சொல்லுங்க" என்றார் ஏழுமலை. மரக்காணம் பக்கத்துக் கடற்கரைக் குப்பம் ஒன்றில் அஞ்சலாட்சி என்ற மீன் வியாபாரி வைத்திருக்கிற ஜீப்பில்தான் அது இப்போது இருக்கிறதாம். போன் நம்பர் கொடுத்தார்.

அன்று மாலை பூங்கொடி போனில், "கிடைச்சுதுங்களா?" என்றாள். "கிட்டத்தட்ட" என்றேன். மீசைக்காரர் கதையைச் சொல்ல வாயெடுத்தேன், ஏனோ சொல்லவில்லை.

மூன்றாம் நாள் கல்யாண பஸ் போயிருந்தது. ஜீப்பில் கிளம்பினேன். உப்பளங்கள் வந்ததும் வெள்ளைவெளேரென்று கண் கூசியது. எங்கள் ஊரில் இந்த நேரத்துக்கு மூடுபனி இருக்கும், கம்பளி இருக்கும். இங்கே ஸ்டீரிங்கைத் துண்டு சுற்றித்தான் பிடிக்க முடிந்தது.

கடற்கரையில் பெரிய போட்டுகளுக்குத் தடைக்காலம். சின்ன ஃபைபர் போட்டுகள் மட்டும் போய்விட்டுக் கரையேறிக்கொண்டிருந்தன. தூரத்தில் ஒரு பழைய பச்சை ஜீப் மீன் பெட்டிகளோடு நின்றது. சுற்றிலும் ஏழெட்டுப் பெண்கள். தார்ரோடு முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து போயிருக்கலாம். ஆனால் நான் மலைக்காரன். மணல் என்ன செய்துவிடும்? இறக்கினேன். ஐம்பது அடி போனதும் வண்டி முனகியது. அப்புறம் அந்தப் பழைய கதைதான். இடது சக்கரம் பம்பரம், வலது சக்கரம் கைகட்டிக்கொண்டு நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க அச்சு மணலில் போய் உட்கார்ந்தது.

பச்சை ஜீப் வந்து நின்றது. சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டுக்கொண்டு ஓட்டி வந்தவர்தான் அஞ்சலாட்சி. "ஏழுமல அனுப்புன சாரா? லாக்கரப் பாக்க வர்றீங்கன்னு சொன்னாரு. பாத்துக்கலாம். மொதல்ல கயிறப் புடிங்க" என்றார்.

கயிற்றை என் வண்டியின் முன்னால் கட்டினார்கள். பெண்கள் எல்லாரும் பச்சை ஜீப்பின் பின்னால் போய்த் தோளைக் கொடுத்தார்கள். அங்கே அதற்கு ஒரு முறை இருந்தது. யாரும் 'தள்ளு', 'நிறுத்து' என்று கத்தவில்லை. ஜீப்பின் ஒரு சக்கரம் மணலை வாரி இறைத்துக்கொண்டு சுற்றியது. அவர்கள் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். திடீரென்று உள்ளேயிருந்து 'டொக்' என்றது. அந்த நொடியில் எல்லாரும் ஒரே எட்டில் விலகி ஓடினார்கள். இரண்டு சக்கரமும் சேர்ந்து மணலைக் கவ்வ, பச்சை ஜீப் எகிறி முன்னால் போனது, என்னையும் பிடுங்கிக்கொண்டு.

"டொக்குக்கு முன்னால தள்ளணும், டொக்குக்கு அப்புறம் ஓடணும். அவ்ளோதான் சார் கணக்கு" என்றார் ஒரு பெண், முகத்திலிருந்த மணலைத் துடைத்தபடி.

எனக்கு அவர் பேச்சு காதில் சரியாக ஏறவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மல்லாட்டைக் கொல்லை, நயினார் வாயைத் திறந்து மூடியது, பின்சீட்டில் பூங்கொடி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மீசை மட்டும் வரவில்லை.

அஞ்சலாட்சி என் வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனார். ஸ்டெப்னி உறையை எழுத்துக்கூட்டிப் படித்தார். "பார்சுவநாதர் துணை... ஐயே! இது நயினார் வண்டியாச்சே! இதுலேந்து கழட்டுனதுதான் சார் நம்ப வண்டில கீது. கழட்டும்போது நானும் பட்டறைலதான் இருந்தேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து, பாவப்பட்ட குரலில் கேட்டார்: "அந்த மீசைக்காரன் ஒங்க தலையில கட்டிட்டானா சார்?"

ஒரு நல்ல மனுஷன் இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பான். நான், "ஆமாங்க, கட்டிட்டாரு" என்றேன்.

அவ்வளவுதான், எனக்கு ராஜமரியாதை. மீசைக்காரனை ஏழெட்டுப் பேரும் சேர்ந்து திட்டித் தீர்த்தார்கள். "நல்ல சாமானக் கழட்டிட்டு, மொண்ணையா ஒரு வண்டிய இந்த மனுசன்கிட்ட தள்ளிட்டான் பாரு." "அவன் பொண்டாட்டி எப்படித்தான் குப்ப கொட்றாளோ." நிழலில் உட்கார வைத்து, கேப்பைக் கூழும், புளி தூக்கலாக மீன்குழம்பும் கொடுத்தார்கள். அவ்வளவு ருசியான மீன்குழம்பை நான் சாப்பிட்டதில்லை. வெட்கமாக இருந்தது. மணலில் முட்டைத் தட்டோடு யாரோ நடந்து போவது போல இருந்தது.

சாப்பிட்டுவிட்டு, அந்தப் பூட்டைத் திரும்பக் கொடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டேன். பூங்கொடி, பள்ளிக்கூடம், முழங்கால், விண்ணப்பம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இடத்தில் நான் பொய் எதுவும் சேர்க்கவில்லை. அஞ்சலாட்சி முழுதும் கேட்டார்.

"டீச்சரம்மா நெலம எனக்குப் புரியுது சார். ஆனா இத்தக் குடுத்துட்டா, இந்தப் பொம்பளைங்க திரும்பவும் ஐஸ் வண்டி வரைக்கும் தலைச்சுமையா மீனத் தூக்கணும். இவங்களுக்கும் முட்டி கீதே" என்றார். அவரே ஏழுமலைக்குப் போன் போட்டு, மீசைக்காரன் அநியாயத்தை விளக்கிச் சொல்லி, "இந்த சாருக்கு இன்னா வழின்னு பாரு" என்று கட்டளையும் போட்டார்.

நான்காம் நாள் காலை பட்டறையில் ஜீப்பை நிறுத்தியதும், ஏழுமலை நேராக அடியில் போய்ப் படுத்துவிட்டார். நான் வெளியே அவர் காலருகில் நின்றேன்.

"மீசைய எப்ப சார் எடுத்தீங்க?" என்றது அடியிலிருந்து குரல்.

தப்பிக்க வழியிருந்தது. ஆனால் நேற்றைய மீன்குழம்பே இன்னும் செரிக்கவில்லை. "நான் எப்பவும் வெச்சதில்லைங்க. நீங்கதான் வெச்சுவிட்டீங்க" என்றேன்.

"கதையில ஒரு மீச இருந்தா நல்லா இருக்கும் சார்" என்றபடி வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கவில்லை. அது அவர் பெருந்தன்மை. "ஒங்களுக்கு நேரம் நல்லா கீது. பாண்டியிலேந்து ஒரு சாரு வந்துருக்காரு. அதே கம்பெனி வண்டி, அதே லாக்கரு. டொக்குனு சத்தம் வருதாம், கழட்டிடுங்கறாரு. நான் மூணு தரம் சொல்லிட்டேன். கேக்கல."

பாண்டிக்காரர் கறுப்புக் கண்ணாடியோடு நிழலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது. மீசை இல்லை. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், மதியத்துக்குள் பூட்டு என் வண்டிக்கு வந்துவிடும். பூங்கொடி அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். ஏழுமலை என்னைப் பார்த்தார், அச்சைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

போய்ச் சொன்னேன். "தம்பி, அந்தச் சத்தத்தை எடுக்காதீங்க. அது வண்டிக்கு நோவு இல்லை, வண்டி வேலை செய்யற சத்தம். இதே மாதிரி நானும் இதே பட்டறையில எடுக்கச் சொன்னவன்தான். அதனால போன மழைக்காலம் முழுக்க என் வீட்டுக்காரம்மா மழையில நடந்தாங்க, விழுந்து கையை உடைச்சுக்கிட்டாங்க." அதுவரை அதை நான் எனக்கே அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஏழுமலையைப் பார்த்தார். பிறகு பட்டறையில் நின்ற என் வண்டியைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது போலத் தலையாட்டினார்.

"கழட்டக் கூடாதுன்னு சொல்றதுக்கு ஆளு செட் பண்ணி வெச்சிருக்கீங்களா? கோளாறு இருக்கிற சாமான என் வண்டியிலேயே வுட்டுட்டா மாசா மாசம் நான் இங்க வந்து நிப்பேன், அதானே பிளானு? வண்டி விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாது சார். ஜல்தியா கழட்டுங்க."

எனக்கு நயினாரின் முகம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவரும் இப்படித்தான் நின்றிருப்பார்.

மதியத்துக்குள் இரண்டு வண்டியின் பின்னச்சையும் திறந்து, உள்ளே இருந்ததை மாற்றி மூடினார் ஏழுமலை. பாண்டிக்காரர் வண்டியைப் பட்டறைக்குப் பின்னாலிருந்த சேற்றுப் பள்ளத்தில் இறக்கித் திருப்பினார். என் வண்டியிலிருந்து போன சாதுவான டிஃபரன்ஷியல் மூச்சு விடவில்லை. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார். அடுத்து அதே பள்ளத்தில் நான் இறக்கினேன். 'டொக்'. ஏழுமலை, "இந்த ஆளுக்கும் ஒரு மீச வெச்சுடலாம் சார்" என்றார்.

திரும்பி வந்து பூங்கொடியிடம் திண்டிவனத்து வெயிலைச் சொன்னேன், கோழிகளைச் சொன்னேன், கல்யாண பஸ்ஸைச் சொன்னேன். "நல்ல லாக்கராப் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் போட்டுட்டேன்" என்றேன். மற்றதைச் சொல்லப் பல தடவை வாயெடுத்தேன். மணிக்கட்டைத் தேய்த்துவிட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வாய் தானாக மூடிக்கொண்டது.

ஜூனில் முதல் மழை விடிகாலையிலேயே பிடித்துக்கொண்டது. பூங்கொடி முட்டைத் தட்டுகளை மடியில் வைத்து, அவற்றுக்கு மேல் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, முன்சீட்டில் உட்கார்ந்தாள். கைப்பைக்குள் அந்த விண்ணப்பம் மடித்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். தேயிலைத் தோட்டம் முடிந்து பாயசம் ஆரம்பித்தது. போன வருஷம் நின்ற அதே திருப்பத்தில் இடது சக்கரம் வழுக்கி வெட்டியாகச் சுற்றியது. அவள் தட்டுகளை இறுக்கிப் பிடித்தாள்.

'டொக்.'

இரண்டு சக்கரமும் சேர்ந்து சேற்றைக் கவ்வின. வண்டி மெல்ல மேலே ஏறியது. இன்னும் இரண்டு இடத்தில் டொக், டொக். நான் ரோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவள் என் பக்கம் திரும்பி, நெடுநேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

பிள்ளைகள் மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து தட்டுகளை வாங்கிக்கொண்டார்கள். பூங்கொடி இறங்கி, குடையை விரித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் வந்தாள்.

"ஏனுங்க, இந்தச் சத்தத்தை நான் செஞ்சிக்குப் பக்கத்துல ஒரு காட்டுல கேட்டிருக்கேனுங்களே."

வைப்பரை நிறுத்தினேன். மறுபடி போட்டேன். "ஆமா" என்றேன்.

அவள் தன் மணிக்கட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு கைப்பையைத் திறந்து, மடித்த அந்தத் தாளை எடுத்து, ஜன்னல் வழியாக என் மடியில் போட்டாள். அதில் கையெழுத்து இல்லை.

"சத்தந்தானுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். "நாலு மணிக்கு வந்துடுங்க."